விலை பேசுகிற குரல்

“மண்டபம் முழுக்க அழுதது, பெற்றி. இதுக்கு மேல என்ன—”

“அழுதது சரி. எழுதினது—”

“—நானே லேஞ்சியை எடுத்து முகம் துடைச்சனான்—”

“—எழுதினது என்ன எண்டுதான் கேக்கிறன், அண்ணை. அழுததைப் பற்றி நான் கேக்கேல்லை.”

“மெல்லக் கதை. அயல் கேக்கும்.”

“கேக்கட்டும். அயலுக்கும் சேர்த்துத்தானே கதைச்சனான்.”

பெற்றிசியா கையிலிருந்த தாளை அண்ணன் வின்சன்டின் மேசையில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் சீனிப் போத்தலை எடுத்து அதன் மேல் வைத்தாள். காணிக் குழு நடத்திய கூட்டத்தின் அறிக்கை அது. இரண்டே பக்கம். நண்டுக் கம்பனியின் ஆள் பேசியதற்கு ஒரு பக்கம் முழுவதும் போயிருந்தது. வேலி எத்தனை மீற்றர், தொட்டி எத்தனை, எத்தனை பேருக்கு வேலை என்று இலக்கம் போட்டுப் பிரித்து எழுதியிருந்தார்கள். அவள் இருபது நிமிடம் பேசியதற்கு ஒரே வரி: ‘கிராமத்துப் பெண்கள் தமது மனவேதனையை உருக்கமாக வெளிப்படுத்தினர்.’

“பெண்கள் எண்டு போட்டிருக்கு. என்ர பேர் கூட இல்லை.”

“பேருக்கே பேசினனீ?”

“தரைக்குப் பேசினனான். தரையின்ர பேரும் இல்லை.”

பனையடித்தரை என்பது ஊருக்கு மேற்கே, கடலுக்கும் பனைகளுக்கும் இடையில் கிடக்கிற மணல். முப்பத்திநாலு பெண்கள் அதில் மீன் வெட்டி, உப்புப் போட்டு, தட்டிகளில் கருவாடு காயவைத்தார்கள். பெற்றிசியா அங்கே கத்தி பிடித்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. இப்போது ஐம்பத்தெட்டு. புருசன் சேவியரைக் கடல் எடுத்த பிறகு அந்தத் தரைதான் அவளுக்குச் சோறு போட்டது. அது யாருடைய பெயரிலும் இல்லாத அரச காணி. கம்பனி அதைக் கேட்டிருந்தது. கொடுப்பதா இல்லையா என்று பார்க்கத்தான் காணிக் குழு வந்து கூட்டம் வைத்தது.

“நீ பேசினாக் கல்லும் கரையும் எண்டு சொல்லி என்னை ஏத்திவிட்டது நீங்கள்தான்” என்றாள் பெற்றிசியா.

“கரைஞ்சதுதானே.”

“கல்லுக் கரைஞ்சது. கடிதாசி கரையேல்லை.”

வின்சன்ட் கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர். ஊருக்காகப் பேச ஆள் தேடியபோது அவர் வேறு யாரையும் யோசிக்கவில்லை, ஊரும் யோசிக்கவில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஆண்டவரின் பாடுகளைக் கோயிலில் இராகம் போட்டு வாசிப்பவள் பெற்றிசியா. இருபத்தாறு வருடமாக அவள்தான். ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லையும் இழுத்து, மெல்லக் கீழே இறக்கி, ஒரு விம்மலில் விடவேண்டும். முதல் வசனம் இறங்குவதற்குள் பெண்கள் முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிடுவார்கள்.

அன்றைக்கு மண்டபத்திலும் அதேதான் நடந்தது. ‘எங்கட பனையடித்தரையிலே’ என்று அவள் தொடங்கினாள். ‘லே’ இழுபட்டது, இறங்கியது, விம்மியது. முப்பது தலைகள் குனிந்தன. அவள் முடித்தபோது இரண்டு பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். றோசம்மா ‘ஆமென்’ என்றே சொல்லிவிட்டாள்.

“அடுத்த கூட்டம் எப்ப?” என்று கேட்டாள் பெற்றிசியா.

“ஆறு கிழமையில. முடிவெடுக்கிற கூட்டம்.”

“நான்தான் பேசுவன்.”

“பேசு. ஆர் வேண்டாம் எண்டது? போன முறை பேசின மாதிரியே பேசு.”

வின்சன்டின் மகள் நிறஞ்சலா குசினி வாசலில் நின்று இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சை எழுதி முடித்து, வேலைக்குக் காத்திருக்கிற பிள்ளை. அண்ணன் எழும்பிப் போனதும் அவள் வந்து மாமிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“மாமி, ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டியளே?”

“கோவிப்பன். சொல்லு.”

“உங்கட பேச்சில இரைச்சல் கூட.”

“அது வெளியில ஓடின ஜெனரேற்றர்.”

“ஜெனரேற்றர் இல்லை. நீங்கள்.”

பள்ளிக்கூடத்தில் தொடர்பாடலை ஒரு பாடமாக எடுத்தவள் நிறஞ்சலா. அலுமாரிக்குள் கிடந்த கொப்பியை எடுத்து வந்து விரித்தாள். ஒரு பெட்டி, அம்பு, இன்னொரு பெட்டி. அனுப்புநர், செய்தி, பெறுநர். பெறுநரிடமிருந்து திரும்பி வருகிற அம்புக்குப் பின்னூட்டல் என்று பெயர். நடுவில் மின்னல் மாதிரி ஒரு கோணல் கோடு.

“இதுதான் இரைச்சல். சத்தம் எண்டில்லை, மாமி. செய்தியைப் போக விடாமக் குழப்புற எதுவும் இரைச்சல்தான்.”

“என்ர இராகம் குழப்புதோ?”

“நீங்களே கேளுங்கோ.”

கூட்டத்தைப் போனில் பிடித்து வைத்திருந்தாள். பெற்றிசியா தன் குரலை வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தரம். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. தன் பேச்சைக் கேட்டுத் தன் கண்ணே நிறைவதை உணர்ந்து, புறங்கையால் துடைத்துவிட்டு, திரையை மறுபடி பார்த்தாள்.

“நிப்பாட்டு. இந்தாள்தானே காணிக் குழுத் தலைவர்?”

“ஓம். அருட்பிரகாசம் சேர். அழுகிறார், பாருங்கோ.”

“அழுகிறார். பேனையைப் பார்.”

பேனை தாளின் மேல் படுத்துக் கிடந்தது. மூடி கழற்றாமலே கிடந்தது. பெற்றிசியா இருபது நிமிடத்தையும் ஓடவிட்டுப் பார்த்தாள். மூடி கழலவே இல்லை. கம்பனி ஆள் எழும்பியபோது கழன்றது.

“கொப்பியைத் தாறியே?”

“வைச்சிருங்கோ, மாமி. எனக்கு இனி என்னத்துக்கு?”

*

உம்மு குல்சூம் உப்புக்குளத்திலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் ஆட்டோவில் வந்து கருவாடு எடுத்துப்போகிறவள். பெற்றிசியாவோடு இருபது வருடப் பழக்கம். அவள் வந்ததும் பெற்றிசியா, கூட்டத்துப் பதிவை ஏற்றி வைத்திருந்த தன் போனை நீட்டினாள்.

“இதைக் கேட்டுச் சொல்லு.”

உம்மு குல்சூம் கவிழ்த்த கடகத்தின் மேல் இருந்து, காதோடு வைத்து, முழுவதும் கேட்டாள்.

“எப்பிடி?”

“மனசப் புடிச்சு உருக்குது, புள்ள. ஆரு மவுத்தானது?”

“ஒருத்தரும் சாகேல்லை.”

“அப்ப என்னத்துக்கு இந்த இழுவை?”

“தரையை எடுக்கப் போறாங்கள் எண்டு சொல்லுறன்.”

“அத நீ எங்க சொன்னா?”

“நடுவில சொன்னனான்.”

“நடுவில எனக்கு எங்கட உம்மாட நெனவு வந்திட்டுது. ஒண்டும் கேக்கேல்ல.”

பெற்றிசியா போனைத் திருப்பி வாங்கினாள். இந்த இராகம் எதற்குரியது என்று அறியாத ஒருத்திக்கே இப்படியென்றால், அதைக் கேட்டே வளர்ந்த ஊருக்கு எப்படி இருந்திருக்கும்? குனிந்த தலைக்குள் அவரவர் தங்கள் செத்தவர்களைத் தேடிப் போயிருப்பார்கள். தரைக்கு யாரும் வரவில்லை.

“சரி, விடு. இந்தக் கட்டாக் கருவாட்டுக்கு நீ என்ன விலை சொல்றா?”

“போன கிழமை சொன்னதுதான். இறங்க மாட்டன். ரெண்டு தரம் உப்பு, நாலு நாள் வெயில். வயித்துக்குள்ள விரலை விட்டுப் பார். ஈரம் இருந்தாச் சும்மா கொண்டு போ.”

உம்மு குல்சூம் விரலை விடவில்லை. சிரித்தாள்.

“என்ன சிரிப்பு?”

“இப்ப இழுத்தியா? இல்லியே. இருவது வருசமா நீ என்னோட விலை பேசுறா, ஒரு நாள் ராகம் போட்டதில்ல. ஒனக்கு என்ன வேணும், எதுக்கு மேல எறங்க மாட்டா, எல்லாம் ஒரு மூச்சில வெளங்கிரும். அந்த ஆளோடயும் விலை பேசு.”

பெற்றிசியா அன்றே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். செய்தி ஒரு மூச்சுக்குள் அடங்கவேண்டும் என்று நிறஞ்சலாவின் வட்டக் கையெழுத்தில் இருந்தது. ஒரு மூச்சு என்றால் எவ்வளவு என்று தெரிய, தட்டியைப் புரட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். மூச்சு முட்டிய இடத்தில் வெட்டினாள். முதலில் பனைகள் போயின. பிறகு அம்மா போனாள். தரைக்கு ஓரத்தில் நிற்கிற அந்தோனியார் சிலைக் கூடு போனது. கடைசியில் சேவியர் கரை ஒதுங்கிய கதை மிஞ்சியது. அதைத்தான் போன முறை அதிக நேரம் சொல்லியிருந்தாள். குழுவுக்கு அது தேவையா என்று தன்னையே கேட்டாள். தேவையில்லை. கோடு போட்டு வெட்டினாள். அவரை இரண்டாம் தரம் கடலில் விட்டதுபோல இருந்தது. 

மறுநாள் இராகத்தோடு மல்லுக்கட்டினாள். அது எந்தச் சொல்லில் வந்து ஏறுகிறது என்று போனில் பிடித்துப் பிடித்துக் கேட்டாள். ‘எங்கட’ என்ற சொல்லில் ஏறியது. ‘இல்லை’ என்ற சொல்லில் இறங்கியது. இலக்கத்தில் மட்டும் ஏறவே இல்லை. முப்பத்திநாலை இராகம் போட்டுச் சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஆகவே இலக்கங்களைத் தேடினாள். உம்மு குல்சூம் ஒரு நுனி பிடிக்க, வலைக்கயிற்றால் தரையை அளந்தாள். இரு கையை விரித்த அளவு ஒரு பாகம்: நீளம் தொண்ணூறு பாகம், அகலம் முப்பது. வீடு வீடாகப் போய்ப் பெயர், வயது, எத்தனை வருடம் கருவாடு போடுகிறாள் என்று கேட்டு எழுதினாள்.

“ஏன் மச்சாள் இதெல்லாம்? போன முறை மாதிரி நல்லா அழுதாக் காணுமே” என்றாள் றோசம்மா, பெயரைக் கொடுத்துக்கொண்டே.

“அழுதது காணேல்லை.”

“நாங்கள் எல்லாரும் அழுதனாங்கள்.”

“நீங்கள் பெறுநர் இல்லை, றோசம்மா.”

“என்ன இல்லை?”

“ஒண்டுமில்லை. வயசைச் சொல்லு.”

கைதான் கடைசி வரை அடங்கவில்லை. பேசும்போது வலது கை தானாக எழும்பி நெஞ்சில் வந்து வைத்துக்கொண்டது. அதற்கு வேலை கொடுக்க அளந்த கயிற்றையே கையில் பிடித்தாள். பெறுநரின் கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும் என்று கொப்பி சொன்னது. அந்த ஒன்றை மட்டும் அவள் கேட்கவில்லை. ‘கண்ணை’ என்றதை வெட்டிவிட்டு ‘பேனையை’ என்று எழுதினாள்.

“நீயும் கூட்டத்துக்கு வாவன்” என்று உம்மு குல்சூமைக் கேட்டாள். “எத்தினை வருசமா இங்க கருவாடு எடுக்கிறாய் எண்டு சொல்லு.”

“நான் வந்தா வெளியாள் எண்டுவாங்க, புள்ள. நீ சொல்றதையும் கெடுத்திருவாங்க. ஒங்கட ஊர்க் கூட்டம். ஊர் ஒனக்கு நிக்கும்.”

*

இரண்டாவது கூட்டத்தில் பெற்றிசியா மூன்றரை நிமிடம் பேசினாள்.

“ஐயா, என்ர பேர் பெற்றிசியா சேவியர். பனையடித்தரை தொண்ணூறு பாகம் நீளம், முப்பது பாகம் அகலம். கயிறு இது. அதில முப்பத்திநாலு பேர் கருவாடு போடுறம்.”

நிறுத்தினாள். அருட்பிரகாசம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனையின் மூடியைக் கழற்றினார். அவர் ‘முப்பத்திநாலு’ எழுதி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அடுத்ததைச் சொன்னாள். பெயர்ப் பட்டியலை நீட்டினாள். கருவாடு வாங்குகிற ஏழு வியாபாரிகள் கையெழுத்து வைத்த தாளை நீட்டினாள். ஒரு தரம் ‘எங்கட’ என்ற சொல் வாய்க்குள் வந்து இழுபடப் பார்த்தது. கயிற்றை இறுக்கிப் பிடித்து, அதை விழுங்கி, ‘இந்த’ என்று மாற்றினாள். யாரும் அழவில்லை. பேனை ஓடிக்கொண்டே இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு அந்தச் சத்தம், தாளில் முனை உரசுகிற சத்தம், இனித்தது.

கடைசியில் ஒரு கேள்வியோடு முடிக்கவேண்டும். அப்போதுதான் அம்பு திரும்பி வரும். அதையும் ஆயத்தப்படுத்தி வந்திருந்தாள்.

“கம்பனியின்ர விண்ணப்பத்தில அது பாவிக்காத தரை எண்டு இருக்கு. உங்களுக்கு அப்பிடி ஆர் சொன்னது, ஐயா?”

அருட்பிரகாசம் கோவையைப் புரட்டி ஒரு கடிதத்தை எடுத்தார். நல்ல மனிதர், கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும் என்று நினைக்கிறவர்.

“இது மே மாதக் கடிதம். ‘மேற்படி தரை கடந்த மூன்று வருடங்களாக எவராலும் பயன்படுத்தப்படவில்லை.’ கடற்றொழிலாளர் சங்கத்தின்ர முத்திரை இருக்கு. தலைவரின்ர கையொப்பம் இருக்கு.” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். “வின்சன்ட்.”

முதல் கூட்டம் ஜூலையில் நடந்தது. அண்ணன் அவளை மேடையில் ஏற்றியபோது அந்தக் கடிதம் போய் இரண்டு மாதம்.

மண்டபத்தில் ஆண்கள் இருந்த பக்கம் அசையவில்லை. கம்பனி சங்கத்துக்கு ஐஸ் அறை கட்டிக் கொடுக்கப் போகிறது என்ற கதை அவர்களுக்குத் தெரியும். அவர்களின் பெண்சாதிமாருக்கும் தெரிந்திருக்கும். தெரியாதவள் கயிற்றோடு நின்றவள் ஒருத்திதான்.

வின்சன்ட் எழும்பினார். கோபப்படவில்லை. தொண்டையைச் செருமி, தங்கச்சியைப் பார்த்துக் கவலையோடு தலையாட்டினார்.

“ஐயா, இது என்ர கூடப்பிறந்தவள். ஏழாம் வகுப்போட நிண்டவள். போன முறை இவள் பேசினதை எல்லாரும் கேட்டனீங்கள். நெஞ்சிலயிருந்து வந்த பேச்சு அது. அதுதான் என்ர தங்கச்சி. இண்டைக்குப் பேசினது இவள் இல்லை. பாகம், பட்டியல், கையெழுத்து… இதை ஆரோ எழுதிக் குடுத்திருக்கினம்.”

“ஒருத்தரும் எழுதித் தரேல்லை.”

“அம்மா, கோவிக்காதேங்கோ” என்றார் அருட்பிரகாசம். “எனக்கும் அதுதான் யோசனையாய் இருக்கு. போன முறை நீங்கள் கதைச்சது இண்டைக்கும் என்ர மனசில நிக்குது. இண்டைக்கு நீங்கள் கம்பனி ஆள் மாதிரிக் கதைக்கிறியள்.”

“கம்பனி ஆள் கதைச்சதைத்தானே ஐயா ஒரு பக்கம் எழுதினீங்கள்.”

யாரோ சிரித்தார்கள். அருட்பிரகாசமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேனையைக் கீழே வைத்தார்.

“இப்பிடிக் கதைக்க ஆர் பழக்கினது, அம்மா? எந்த அமைப்பு?”

“அமைப்பு ஒண்டும் இல்லை. என்ர மருமகளின்ர பள்ளிக்கூடக் கொப்பி. மிச்சம் நானே பழகினனான்.” பெற்றிசியா பின்னுக்குத் திரும்பினாள். “நிறஞ்சலா, சொல்லு.”

நிறஞ்சலா நாலாவது வரிசையில் இருந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்க்க, அவள் தகப்பனைப் பார்த்தாள். பிறகு கம்பனி ஆளைப் பார்த்தாள். அவர் ஏற்கனவே அவளைத் தெரிந்தவர்போல மெல்லத் தலையசைத்தார்.

“எனக்குத் தெரியாது, சேர்” என்றாள்.

“கொப்பி உன்ரதானே, பிள்ளை?” என்று கேட்டாள் பெற்றிசியா.

“தெரியாது, மாமி.”

“அப்ப மற்றவை சொல்லுங்கோ. றோசம்மா, நீ பேர் தந்தனீதானே? எழும்பு.”

றோசம்மா பாதி எழும்பி, ஆண்கள் பக்கம் பார்த்து, இருந்துவிட்டாள். “எனக்கென்ன தெரியும், மச்சாள். நீங்கள் கதைச்சது எங்கட கதை மாதிரியே இல்லை. என்னவோ பெறுநர் எண்டு சொன்னியள்.”

“அம்மா, ஒண்டு செய்வம்” என்றார் அருட்பிரகாசம், உண்மையான அன்போடு. “அந்தத் தாளுகளை வைச்சிட்டு, போன முறை கதைச்ச மாதிரி ஒருக்காக் கதையுங்கோ. உங்கட சொந்தக் குரலில.”

பெற்றிசியா மேசையில் கிடந்த பேனையைப் பார்த்தாள். கயிற்றைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் கதிரையில் இருந்தாள். இந்த முறை அறிக்கையில் அவளுக்கு இரண்டு வரி கிடைத்தது. பெயரும் இருந்தது. ‘திருமதி பெற்றிசியா சேவியர் வாசித்த உரை வெளியாரால் தயாரிக்கப்பட்டதாகத் தென்படுவதால், அதனைக் கிராமத்தின் கருத்தாகக் கொள்ள இயலவில்லை.’

*

மாசியில் வேலி வந்தது. முப்பத்திநாலு பேரும் தட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீதியோரத்துக்கு வந்தார்கள். அங்கே கருவாட்டில் புழுதி ஏறியது, கழுதைகள் வந்து இழுத்தன. உம்மு குல்சூம் வந்து ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, விலை கேட்காமலே கீழே வைத்தாள். நிறஞ்சலா கம்பனிக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தாள். கொப்பியை அவள் திருப்பிக் கேட்கவில்லை.

தவக்காலத்தின் இரண்டாம் கிழமை வின்சன்ட் தங்கச்சி வீட்டு வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டார். ஐந்து மாதம் அவர்கள் கதைத்திருக்கவில்லை.

“கோயில் மூப்பர் கேட்டுவரச் சொன்னவர்.”

“என்ன?”

“வெள்ளிக்கிழமை வாசிப்பு. போன கிழமை மனோன்மணியின்ர மருமகள் வாசிச்சாள். ஒரு சனம் அழேல்லை.”

“அழாட்டி என்ன?”

“என்ன கதை இது? பாடுகளுக்கு அழாம? உன்ர குரல் இல்லாமத் தவக்காலம் தவக்காலமாய் இல்லை எண்டு எல்லாரும் சொல்லுகினம்.”

“எல்லாருமே?”

“றோசம்மா சொன்னவள். சுவாமியும் சொன்னவர்.” கொஞ்சம் நின்று, “நானும் சொல்லுறன்” என்றார்.

பெற்றிசியா முற்றத்தைக் கூட்டி முடித்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

“வாசிக்கிறன்.”

வெள்ளி பின்னேரம் கோயில் நிறைந்திருந்தது. வின்சன்ட் ஆண்கள் பக்கத்தில் முதல் வாங்கில், சங்கத்து ஆட்களோடு இருந்தார். இந்தப் பக்கம் றோசம்மாவும் மற்றப் பெண்களும். கந்தோர் விட்டு நேரே வந்த நிறஞ்சலா தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். பெற்றிசியா புத்தகத்தை விரித்தபோது, அவள் வாயைத் திறக்க முன்னமே முக்காடுகள் இறங்கின. சனம் அழுவதற்கு ஆயத்தமாகிவிட்டது.

அன்றைய பகுதி, ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுத்த சீடர் இராயப்பருடையது. குளிருக்கு நெருப்புக் காய்ந்துகொண்டு நிற்கிறவரிடம் வேலைக்காரி வந்து கேட்கிற இடம்.

‘நீரும் அவரோடு இருந்தவர்தானே என்று வேலைக்காரி கேட்டாள்.’

பெற்றிசியா அதை விலை பேசுகிற குரலில் வாசித்தாள். ‘கேட்டாள்’ கேட்டாளோடு நின்றது. எதுவும் இழுபடவில்லை, எதுவும் இறங்கவில்லை.

‘எனக்குத் தெரியாது என்று இராயப்பர் சொன்னார்.’

நிறுத்தினாள். எழுதுகிற பேனை அங்கே இல்லை. ஆகவே முகங்களைப் பார்த்தாள், கொப்பியில் இருந்தபடியே, ஒரு முகத்துக்கு ஒரு மூச்சு. குனிந்த தலைகள் ஒவ்வொன்றாய் நிமிரத் தொடங்கின. அழவேண்டிய இடம் வந்துபோனதா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. றோசம்மா முக்காட்டை ஒதுக்கிப் பார்த்தாள். பெற்றிசியாவின் கண் தன்னில் நிற்பதைக் கண்டதும் திரும்ப இழுத்துவிட்டாள்.

‘இரண்டாம் தரமும் கேட்டார்கள். தெரியாது என்று சொன்னார்.’

பெற்றிசியா தூணைப் பார்த்தாள். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. நிறஞ்சலா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கக் கதவால் வெளியே போனாள். அவளுடைய சப்பாத்துச் சத்தம் சீமெந்துத் தரையில் கடைசி வரை கேட்டது.

 மூப்பர் சங்கடப்பட்டு வின்சன்டைப் பார்த்தார். வின்சன்ட் வாங்கிலிருந்து முன்னுக்குச் சாய்ந்தார்.

“பெற்றி” என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் என்று நினைத்து. “இராகத்தைப் போட்டு வாசி. சனம் காத்திருக்குது.”

பெற்றிசியா புத்தகத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அவர் கண்ணைப் பார்த்து, அவர் குரலை விடக் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

“இதுவும் ஆரோ எழுதித் தந்ததுதான், அண்ணை. எழும்பிச் சொல்லுங்கோவன்.”